எதை எரித்த புகை இது?

ஈரோட்டு மண்டியில் மஞ்சள் வாங்குகிறவர் கண்ணை மட்டும் நம்பினால் நட்டப்பட்டுப் போவார். சாக்குக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு விரலியை எடுக்க வேண்டும். தரையில் போட்டால் கணீரென்று கேட்க வேண்டும். அப்போதுதான் காய்ச்சல் சரி. அடுத்து ஒடித்து உள்நிறம் பார்த்து, ஒடித்த கையோடு மூக்கில் வைக்க வேண்டும். வேக்காடு போதாத மஞ்சளில் ஒரு பச்சை வாடை இருக்கும். ஈரத்தோடு மூட்டை கட்டியதில் பூசணம் தெரியும். அடுப்புப் புகை இறங்கிய மஞ்சளும் தப்பாது. 38 வருடம் இந்த மூக்கை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதித்தது.

அந்த மூக்கை 2011 மார்கழியில் என் அக்கா மகன் சோதித்தான். கிளாஸ்கோவில் டாக்டராக இருக்கிறான். லீவுக்கு வந்தவன், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். திண்டின் மேல் இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒவ்வொன்றிலும் விரல் கடை அளவுக்கு விஸ்கி. இரண்டு பாட்டில்களுக்கும் நியூஸ்பேப்பர் சுற்றி வைத்திருந்தான்.

"மாமா, என்ன ஏதுன்னு கேக்காதீங்க. மோந்து பாத்துட்டு மட்டும் சொல்லுங்க."

முதல் தம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வாசம்டா மாப்ளே. பினாயில் ஊத்திக் கழுவுன வார்டு மாதிரி இருக்குது."

"சரியாத்தான் சொல்றீங்க. கொஞ்சம் பொறுங்க." ஒரு ஸ்பூனில் தண்ணீர் எடுத்து நாலைந்து சொட்டு விட்டான். தம்ளர் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தான். ஊர்க்கதை பேசினோம். கால் மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்து நீட்டினான்.

இப்போது வந்தது வேறு வாசம். கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் என் அப்புச்சி தோட்டத்துக் கரும்பாலைக் கொட்டகை. சாறு கொதிக்கும் கொப்பரை. அடியில் காய்ந்த சக்கை எரியும் அடுப்பு. மழைத்தூறலில் வெளியே போக வழி தெரியாமல் கொட்டகைக்குள்ளேயே சுற்றும் புகை. அம்மாயியின் சேலைத் தலைப்பில் ஒட்டி வீடுவரை கூட வரும் அதே புகை. நாக்கில் ஒரு துளி வைத்தேன். முதலில் கரி, பிறகு உப்பு, கடைசியில் பாகின் இனிப்பு. விழுங்கி நெடுநேரம் ஆகியும் தொண்டையில் புகை நின்றது. எனக்கு அப்போது வயது 52. அதுவரை கல்யாண வீட்டு வட்டங்களில் குடித்த எந்த விஸ்கியும் என்னிடம் எதையும் சொன்னதில்லை. இது பேசியது.

பேப்பரைப் பிரித்துக் காட்டினான். லஃப்ராய்க், பத்து வருடம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலா என்ற தீவில் 1815-இலிருந்து வடிக்கிறார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்த தேடலை இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் ஒன்று. குடியைப் பற்றி ஈரோட்டுக்காரன் லேசாகப் பேச முடியாது. 1921-இல் இந்த ஊர்த் தெருக்களில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு நின்றார்கள். பெரியார் சேலம் தாதம்பட்டியில் தன் தோப்பிலிருந்த 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். என் வீட்டுக் கணக்கும் உண்டு: என் பெரியப்பா நாலு ஏக்கர் வாய்க்கால் பாசன நிலத்தைக் குடித்தே தீர்த்தார், பெரியம்மா கடைசிக் காலம்வரை அடுத்தவர் காட்டில் களை வெட்டினார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. குடிக்காதவரைக் குடிக்கச் சொல்ல இதை எழுதவில்லை. நான் மாதத்தில் ஒன்றிரண்டு நாள், 30 மில்லி, அதோடு சரி. அந்த 30 மில்லிக்குள் ஒரு மண்ணின் வரலாறு எப்படி இறங்குகிறது என்பதுதான் எனக்கு விஷயம்.

புகை எங்கிருந்து வருகிறது? பலரும் பீப்பாயைப் புகை போடுவார்கள் என்று நினைக்கிறார்கள். பீப்பாயின் உட்புறத்தைக் கருக்குவது உண்மைதான். ஆனால் நான் முகர்ந்த புகை அதற்கு வெகு முன்னால், தானியம் தானியமாக இருக்கும்போதே ஏறிவிடுகிறது.

சிங்கிள் மால்ட்டுக்கு மூன்றே சரக்கு: வாற்கோதுமை என்கிற பார்லி, தண்ணீர், ஈஸ்ட். பார்லியை நனைத்து முளைகட்ட விடுகிறார்கள். நம் வீட்டில் கைக்குழந்தைக்குக் கேப்பையை முளைகட்டி, காயவைத்து, மாவாக்கிக் கூழ் காய்ச்சுவோமே, அதே வேலை. முளைவிடும் விதை, தனக்குள் கட்டி வைத்திருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. முளைகட்டிய கேப்பைக் கூழ் இனிப்பதற்கும் காரணம் இதுதான். ஐந்தாறு நாளில், முளை அந்தச் சர்க்கரையைத் தானே தின்று வளர்வதற்குள், சூடு காட்டி நிறுத்திவிட வேண்டும். முளைகட்டி இப்படி நிறுத்திய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயர்.

அந்தச் சூட்டுக்கு எதை எரிப்பது? கதை இங்கே தொடங்குகிறது.

ஐலாவில் மரம் குறைவு. அட்லாண்டிக் காற்று நிமிர்ந்து நிற்க விடுவதில்லை. ஆனால் தரை முழுக்கச் சதுப்பு. பாசியும் புல்லும் ஹீதர் என்ற குத்துச்செடியும் செத்து விழுந்து, தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடப்பதால், முழுதாக மக்காமல் கறுத்த களிபோல அடுக்கடுக்காகச் சேர்கின்றன. அதன் பெயர் பீட். நிலக்கரி ஆவதற்குப் பல படி முந்திய நிலை. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழத்தில் வெட்டி எடுக்கும் பீட், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த காலத்துப் பாசி. நீண்ட மண்வெட்டியால் செங்கல் அறுப்பதுபோல அறுத்து, வெயிலிலும் காற்றிலும் காயவிட்டு, வீட்டு அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். வேறு விறகு இல்லாத ஊர். சோறும் அதில்தான், குளிருக்கும் அதுதான், மால்ட் உலர்த்தவும் அதுதான்.

ருசிக்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்ததாக இருந்திருந்தால் எனக்கு இது இவ்வளவு பிடித்திருக்காது. கையில் இருந்ததை எரித்தார்கள், அது ருசியாகிவிட்டது. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தில் பல இடங்களிலும் விஸ்கியில் இந்தப் புகை இருந்தது. ரயில் வந்து நிலக்கரியும் கோக்கும் சுலபமாகக் கிடைத்ததும், நிலப்பகுதிக்காரர்கள் பலர் புகையில்லாத சூட்டுக்கு மாறினார்கள். கடல் நடுவில் இருந்த ஐலா பீட்டை விடவில்லை.

2018 வைகாசியில் மாப்பிள்ளை என்னை அங்கே கூட்டிப்போனான். கெனக்ரெய்கில் கப்பலேறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் போர்ட் எலன். அங்கிருந்து ஒரே சாலையில் மூன்று பெயர்கள் வரிசையாக வருகின்றன: லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக். நடந்தே போகலாம். நாங்கள் நடந்தோம்.

இப்போது பெரும்பாலான ஆலைகள் மால்ட்டைப் பெரிய மால்ட் தொழிற்சாலைகளிடமிருந்தே வாங்குகின்றன. லஃப்ராய்க் தனக்கு வேண்டியதில் ஒரு சிறு பங்கை இன்னும் பழையபடி தரையில் பரப்பி முளைகட்டுகிறது. அந்தத் தளத்துக்குள் நுழைந்ததும் எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றியது. களத்துமேட்டில் நெல் பரப்பியிருக்கும்போது நாம் அப்படித்தானே ஏறுவோம். ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் பார்லி. முளைவிடும் தானியம் தன்னால் சூடேறும்; வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்; அதனால் வேளாவேளைக்குக் கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து மூக்கில் வைத்தேன். வெள்ளரிக்காயை ஒடித்த வாசம்.

அடுத்த அறையில் சூளை. கீழே பீட் புகைய, மேலே துளையிட்ட தளத்தில் ஈர மால்ட் பரவியிருக்கும். தீ நன்றாகப் பிடித்துவிடக் கூடாது. கனிந்து, மூச்சுத் திணறிப் புகைய வேண்டும். ஈரமாக இருக்கும்வரைதான் தானியத்தின் மேல்தோல் புகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு என்ன புகைத்தாலும் ஒட்டாது. அதனால் முதல் பாதிக்குப் பீட், அப்புறம் வெறும் சூடான காற்று. மஞ்சள் வேகவைக்கும்போது புகை அண்டாமல் பார்க்கிறவன் நான். அதே ஆபத்தை இவர்கள் அளந்து உள்ளே விடுகிறார்கள். உலர்ந்ததும் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தேன். பொரிகடலைபோல மொறுமொறுப்பு, பின்னாலேயே மாடி இரவின் அதே கட்டுத்துணி வாசம்.

அந்த வாசத்தின் பெயர் ஃபீனால். செடிகொடிகளுக்கு நார் உறுதி தரும் லிக்னின் எரியும்போது ஃபீனால், கிரெசால், குவையகால் என்று ஒரு குடும்பமே புகையில் வருகிறது. தரை கழுவும் கறுப்புப் பினாயிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆஸ்பத்திரி நினைவு வந்ததில் மூக்கின் தப்பு ஏதுமில்லை. கரும்புச் சக்கையிலும் லிக்னின் உண்டு. ஆகவே அப்புச்சியின் ஆலைக் கொட்டகை நினைவுக்கு வந்ததும் வெறும் மனப்பிரமை ஆகாது. மால்ட்டில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று கணக்கிட்டுச் சொல்வார்கள். லகவூலினுக்கு 35 அளவில், லஃப்ராய்க்குக்கு 40-க்கு மேல், ஆர்ட்பெக்குக்கு 55 அளவில். இது மால்ட்டின் கணக்கு; வடித்து முடிப்பதற்குள் அதில் பாதிக்கு மேல் போய்விடும்.

மால்ட்டைக் குருணையாக உடைத்து, கிட்டத்தட்ட 64 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டால் சர்க்கரை கரைந்து இனிப்புத் தண்ணீர் கிடைக்கிறது. ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று நாள் நுரைக்க விட்டால், எட்டு சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலோடு புளித்த ஒரு பானம். இதுவரை பெரிய சூட்சுமம் இல்லை. சூட்சுமம் வடிப்பதில் இருக்கிறது.

வடிப்பது நமக்குப் புதிதில்லை. சித்த வைத்தியர்கள் வாலை என்ற பாத்திரத்தில் ஓமத் தீநீர் வடிப்பார்கள். ஆவியாக்கி, குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகப் பிடிப்பது. ஐலாவிலும் அதுதான். வாலை மட்டும் இரண்டாள் உயரச் செம்பு, மேலே யானைத் துதிக்கைபோல வளைந்த கழுத்து. செம்பு வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கெட்ட கந்தக வாடையைச் செம்பு தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. இரண்டு முறை வடிக்கிறார்கள். இரண்டாம் வடிப்பில் முதலில் வருவது கண்ணெரிக்கும் கார நெடி. அதைத் தலை என்று தள்ளிவிடுகிறார்கள். நடுவில் வருவது நெஞ்சு. கடைசியில் கனத்து, ஈரச்சாக்கு வாடையோடு வருவது வால். நெஞ்சை மட்டுமே பீப்பாய்க்கு அனுப்புவார்கள். தலையும் வாலும் அடுத்த வடிப்பில் சேரும்.

புகை வாசம் ஆவியாக மெதுவாகத்தான் எழும்பும். அது நெஞ்சின் கடைசியில், வால் தொடங்கும் ஓரத்தில்தான் திரண்டு வருகிறது. சீக்கிரம் நிறுத்தினால் சுத்தமாக இருக்கும், புகை இருக்காது. தாமதித்தால் புகையோடு அழுக்கும் வந்துவிடும். எந்த நிமிடத்தில் குழாயைத் திருப்புவது? எங்கள் கவுந்தப்பாடியில் பாகு பதம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். கொப்பரை கொதிக்கும்போது அகப்பையில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். "இன்னும் ரெண்டு கொதி" என்பார். அந்த இரண்டு கொதிக்கு முன்னால் இறக்கினால் சர்க்கரை பிசுபிசுக்கும். பின்னால் இறக்கினால் கருகும். அவர் இறக்கிய சர்க்கரைக்குச் சந்தையில் தனி விலை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவது எங்கள் பக்கத்துச் சர்க்கரை என்ற பெருமை கவுந்தப்பாடியில் எல்லாருக்கும் உண்டு. எனக்கு அவருடைய அந்த ஒரு விரல்தான் பெருமை. லஃப்ராய்க்கில் வடிப்பறைக் கண்ணாடிப் பெட்டிமுன் நின்ற ஆளைப் பார்த்தபோது அவர் நினைவு வந்தது.

லஃப்ராய்க்கில் நான் கேட்டு மறக்க முடியாத இன்னொரு கதை பெஸ்ஸி வில்லியம்சனுடையது. 1934-இல் ஒரு கோடைக்கு மட்டும் டைப் அடிக்க வந்த பெண். வேலையைக் கற்றுக்கொண்டு, நிர்வாகத்தை எடுத்து, 1954-இல் முதலாளி இயன் ஹண்டர் இறந்தபோது அவர் உயில்படி ஆலைக்கே உரிமையாளரானார். புகை வாசமுள்ள மால்ட்டை உலகம் தேடி வரும் என்று நம்பி அமெரிக்காவரை போய்ப் பேசியவர்.

வடித்தது தண்ணீர்போல நிறமில்லாமல் இருக்கும். ஓக் மரப் பீப்பாயில் மூன்று வருடமாவது ஸ்காட்லாந்து மண்ணிலேயே கிடந்தால்தான் சட்டப்படி ஸ்காட்ச் விஸ்கி. பீப்பாய்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் போர்பன் அடைத்தவை. போர்பனுக்குப் புதுப் பீப்பாய் கட்டாயம் என்பதால் பழையது இவர்களுக்குக் கிடைக்கிறது. மரம் வனிலாவும் தேங்காயும் பாகும் கொடுக்க, வருடம் ஏற ஏறப் புகை தணியும். ஆகவே புகையை விரும்புகிறவர் 25 வருடப் பாட்டிலைத் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பத்து வருடம் போதும் என்பது என் நாக்கின் தீர்ப்பு.

மறுபடி அந்த மாடிக்கு வருகிறேன். இரண்டாவது தம்ளரை இன்னும் சொல்லவில்லை.

அதில் புகை இருந்தது, ஆனால் பின்னால் நின்றது. முன்னால் வந்தது வறுத்த தானியமும் பழுத்த பழமும் கொஞ்சம் சாக்லேட் கசப்பும். "இது நம்ம பக்கம்டா. வெயில் பட்ட சரக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பேப்பரைப் பிரித்தான். அம்ருத் ஃப்யூஷன். பெங்களூரு மைசூர் ரோட்டில் கம்பிபுரத்தில் வடித்தது. ஈரோட்டிலிருந்து ராத்திரி ரயிலேறினால் விடியற்காலை இறங்கிவிடும் தூரம். அதை அவன் கிளாஸ்கோவில் ஒரு கடையில் வாங்கி ஈரோட்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.

அம்ருத்தின் கதை தெரிந்துகொள்ள வேண்டியது. 1948-இல் ராதாகிருஷ்ண ஜக்தாலே தொடங்கிய நிறுவனம். நம் நாட்டில் விஸ்கி என்று நெடுங்காலம் விற்றதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த ஆல்கஹால்தான். எங்கள் பக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கும் ஆப்பக்கூடலுக்குப் போகிறவர்களுக்கு அந்த மொலாசஸ் வாடை பழக்கம். ஐரோப்பாவில் தானியத்தில் வடிக்காததை விஸ்கி என்று விற்கவே முடியாது. அப்படியிருக்க, ராதாகிருஷ்ணரின் மகன் நீலகண்ட ஜக்தாலே காலத்தில், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பேரன் ரக்ஷித், இந்தியச் சிங்கிள் மால்ட்டை அங்கே விற்க முடியுமா என்று ஆராய்ந்து பார்த்தார். 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தார்கள். ஊர் ஊராக, கடை கடையாக அங்கே பாட்டிலைத் தூக்கி அலைந்தவர்களில் ஒருவர் அசோக் சொக்கலிங்கம். பின்னாளில் அம்ருத்தின் வடிப்புப் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. நம் நாட்டில் அந்தப் பாட்டில் விற்பனைக்கு வந்தது சில வருடங்கள் கழித்துத்தான்.

ஃப்யூஷன் என்ற பெயருக்குக் காரணம் அதன் தானியம். முக்கால் பங்கு வட இந்திய பார்லி, புகையில்லாதது. கால் பங்கு ஸ்காட்லாந்தில் பீட் புகையில் உலர்த்தி இறக்குமதி செய்தது. ஜிம் மர்ரே என்ற விஸ்கி எழுத்தாளர் தன் 2010 பதிப்பில் 100-க்கு 97 கொடுத்து, உலகில் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். முழுக்கப் புகை வேண்டுபவருக்கு அம்ருத் பீட்டட் இருக்கிறது. கோவாவின் பால் ஜான், ஸ்காட்லாந்திலிருந்து பீட்டையே வரவழைத்துப் புகைக்கிறது. ஹரியானாவின் இந்திரி 2023-இல் தீபாவளிக்காகப் போட்ட புகை மால்ட், அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டியில் முதலிடம் வாங்கியது.

வெயில் பட்ட சரக்கு என்று நான் சொன்னதில் அர்த்தம் இருந்தது. குடோனில் மஞ்சள் மூட்டை கிடந்தால் எடை இறங்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பீப்பாயிலும் அப்படித்தான். ஸ்காட்லாந்துக் குளிரில் வருடத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்கிறார்கள். 3,000 அடி உயரத்து பெங்களூரிலேயே அது பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே வெக்கை மரத்தின் சாரத்தையும் வேகமாக இழுக்கிறது. அங்கே பத்துப் பன்னிரண்டு வருடம் கேட்கும் முதிர்ச்சி இங்கே நாலைந்து வருடத்தில் வந்துவிடும் என்பது தொழிலில் இருப்பவர்கள் கணக்கு. வேற்றூர் மஞ்சளும் ஈரோட்டு மஞ்சளும் ஒன்றாக இருக்க முடியாது. ஐலாவும் பெங்களூரும் அப்படித்தான். அம்ருத்தை ஸ்காட்சின் நகல் என்று சொல்பவர்கள் அதைச் சரியாக முகர்ந்து பார்க்கவில்லை என்பேன்.

அப்படியானால் நம் ஊரிலேயே பீட் இல்லையா? இருக்கிறது, வெகு பக்கத்தில். நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளுக்கு இடையே, சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளில், ஐலாவைப் போலவே கறுத்த பீட் அடுக்கு இருக்கிறது. யானை ஆராய்ச்சியாளர் ஆர். சுகுமாரும் சகாக்களும் அந்த பீட்டின் கார்பனைப் பகுத்து, சுமார் 20,000 ஆண்டுகளில் இங்கே மழையும் புல்லும் காடும் எப்படி மாறிவந்தன என்று 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இதைக் கேள்விப்பட்டதும் நண்பர் ஒருவர் உற்சாகமாகி, "அப்ப நம்ம பீட்டுலயே புகை போடலாமுங்களே" என்றார். கூடாதுங்க என்றேன், யோசிக்காமலே. அந்தச் சதுப்பு ஒரு பஞ்சு. பருவமழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. அந்தச் சொட்டுகள்தான் பைக்காரா, மோயாறு என்று இறங்கிப் பவானிசாகருக்கு வந்து, கீழ்பவானி வாய்க்காலில் எங்கள் மஞ்சளுக்கும் கரும்புக்கும் பாய்கின்றன. எங்கள் பீட்டை நாங்கள் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு கட்டி வெட்டினாலும் எனக்கு வயிறு எரியும்.

எப்படிக் குடிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் தொடவே மாட்டேன். 40 டிகிரி வெக்கையில் தம்ளரிலிருந்து ஆல்கஹால் நெடிதான் முதலில் ஏறும். ஐப்பசி முதல் தை வரை எங்கள் ஊருக்குச் சரியான காலம். வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். வாய் குறுகிய தம்ளர் நல்லது. ஐஸ் வேண்டாம், வாசம் உறைந்துபோகும். சோடா, கோலா பேச்சே இல்லை. சில சொட்டுத் தண்ணீர் மட்டும் கட்டாயம். 2017-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இருவர் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஆல்கஹால் அடர்த்தியாக இருந்தால் குவையகால் உள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது, தண்ணீர் சேர்ந்து நீர்த்தால் மேற்பரப்புக்கு வந்து மிதக்கிறது. மாடியில் மாப்பிள்ளை ஸ்பூனால் விட்ட சொட்டுகள் செய்தது அதைத்தான். பக்கத்தில் நான் வைத்துக்கொள்வது வறுத்த நிலக்கடலை, கூடவே ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை. சர்க்கரையை முதலில் நாக்கில் கரையவிட்டு அதன்மேல் ஒரு துளி. இரண்டு புகையும் சந்திக்கும் இடம் அது.

அந்தச் சர்க்கரை ஐலாவுக்கும் வந்திருந்தது. வெளியூர் டீக்கு எனக்கு அது இல்லாமல் முடியாது. அரைக் கிலோ பொட்டலம் பையிலேயே இருக்கும். போர்ட் எலனில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர்; வேலைக் காலமெல்லாம் மால்ட் உலர்த்தும் சூளையில் நின்றவராம். காலைச் சாப்பாட்டின்போது நான் பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் கையை நீட்டினார். கொஞ்சம் கொட்டினேன். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, சூடேற்றி, கண்ணை மூடி முகர்ந்தார். மண்டியில் நான் செய்வதேதான். கண்ணைத் திறந்து ஏதோ கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான்.

"எதை எரிச்சீங்கன்னு கேக்கறார், மாமா."

சக்கை என்று சொல்லச் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. வேறு ஏதோ கட்டையும் கலந்திருக்கிறது என்றார். எனக்குத் தெரிந்து கிடையாது. அங்கே காலை எட்டரை என்றால் நம் ஊரில் பகல் ஒரு மணி. ஆலையை இப்போது பார்த்துக்கொள்ளும் மாமன் மகனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"மச்சான், போன வாரம் குடுத்துவிட்டீங்களே சர்க்கரை, அடுப்புக்கு என்ன போட்டீங்க?"

"காஞ்ச சக்கைதானுங்க. ஏன், ஏதாச்சும் குறையா?" கொஞ்சம் நிறுத்தி, தானே சொன்னார்: "மழை புடிச்சுக்கிச்சு, சக்கை நனைஞ்சு போச்சுங்க. பழைய கொட்டகை பிரிச்ச வேப்பங்கட்டை கிடந்துச்சு, அதுல நாலு போட்டோம்."

மாப்பிள்ளை பெரியவருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். வேம்பு என்பதை இங்கிலீஷில் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. பெரியவர் உள்ளங்கையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார்.